கோட்டையைச் சுற்றி ஓடினால் ஹட்டனுக்குக் காசு போகுமா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளி. லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கும் பிள்ளைகள் படிக்கிற இடம். நூலக அறைக்குக் கூரை மாற்றவேண்டும். வேலூர் பக்கம் மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் நண்பர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்காக ஓடிப் பணம் திரட்டுகிறேன் என்று இறங்கி, இரண்டு வருஷத்தில் இரண்டு வழியையும் பார்த்தாயிற்று. முதல் வருஷம் வேலூரில் நானே ஓடி நானே வசூலித்தேன். அடுத்த வருஷம் லண்டனில் இருக்கும் மாமா பையன் ஓடினான், வசூலும் அங்கேயே. இப்போது நான் மச்சான் கட்சி.

ஓட்டம் எங்கேயும் ஓட்டம்தான். இங்கே விடியற்காலை நாலரைக்குக் கோட்டை அகழி ஓரம் கிளம்பினால் ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் வெயிலூர் வேலையைக் காட்டிவிடும். அவனுக்குக் குளிரும் தூறலும். 21 கிலோமீட்டர் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஆள் சேர்ப்பதில் வேலூரை அடித்துக்கொள்ள முடியாது. கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று 112 பேர் ஜிபேயில் போட்டார்கள். டீக்கடைக்காரர்கூட 210 அனுப்பினார். மொத்தம் 46,300.

சிக்கல் வங்கியில் ஆரம்பித்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கேட்கும் ஏ2 படிவம், பான் எண், எதற்காக அனுப்புகிறோம் என்பதற்கு ஒரு குறியீடு, எல்லாம் கொண்டுபோனேன். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடக்கம். அதனால் தைரியமாக உட்கார்ந்திருந்தேன். அதிகாரி என் ஸ்டேட்மென்ட்டைத் திரையில் மேலும் கீழும் ஓட்டினார். 210, 420, 105 என்று வரிசையாக வரவு.

"இதெல்லாம் உங்க காசா சார்?"

இல்லை என்றேன். அந்தச் சலுகை சொந்தப் பணத்துக்குத்தானாம், ஊர்ப்பணத்தைத் திரட்டி அனுப்புவதற்கு இல்லையாம். நோட்டில் எழுதி வைத்திருந்த 112 பெயரையும் காட்டினேன்; அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. கடைசியில் என் சேமிப்பிலிருந்து 20,000 மட்டும் அனுப்பினேன். ஜிஎஸ்டி வெறும் 45 ரூபாய். கமிஷனும், நாடு விட்டு நாடு வங்கிகள் தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட் கட்டணமும் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம். நடுவில் இருந்த வங்கி ஒன்று தன் பங்கையும் எடுத்துக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது. வசூலித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கவே மூன்று வாரம் ஆனது. திருப்பித் தரவேண்டாம் என்றவர்களிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பணத்தில் முகாம் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினோம்.

மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் கேட்டு வாங்கிய 10,000 டாலரில்தான் 1902-இல் இங்கே ஷெல் மருத்துவமனை வந்தது. வெளியிலிருந்து காசு வந்து பழகிய ஊர் இது. வெளியே அனுப்பப் போனால்தான் வாசல் எவ்வளவு குறுகல் என்று தெரிகிறது.

மச்சான் வழியில் இந்தத் தொல்லையே இல்லை. அந்தப் பள்ளிக்கு உதவும், பிரிட்டனில் பதிவு பெற்ற சிறிய அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. அதன் பெயரில் இணையத்தில் நன்கொடைப் பக்கம் திறந்தான். பணம் அவன் கணக்கைத் தொடவே இல்லை. வரி கட்டுபவர் நூறு பவுண்டு கொடுத்தால், கிஃப்ட் எய்ட் என்று அரசிடமிருந்து அறக்கட்டளை இன்னும் இருபத்தைந்து வாங்கிக்கொள்ளலாம். அவன் திரட்டியது 640 பவுண்டு. அதில் 520-க்கு இந்தச் சலுகை கிடைத்தது, ஆக 130 கூடுதல். இங்கே கொடுத்தவர்களுக்கு வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீதுகூட என்னால் தர முடிந்திருக்காது. ஒன்றில் மட்டும் கவனம்: ஓட்டத்தில் அறக்கட்டளை தன் பங்கிலிருந்து தரும் அனுமதியில் ஓடினால் குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டவேண்டும் என்று நிபந்தனை வரும். அவன் தன் கைக்காசில் பதிவு செய்த சின்ன ஓட்டம் என்பதால் தப்பித்தான்.

குறையும் உண்டு. வேலூர்க்காரர்கள் அந்தப் பக்கத்தில் பணம் கட்டத் திணறினார்கள். 2020-க்குப் பிறகு தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே போய்த் திறந்துவிட வேண்டும். என் அத்தை செயலியில் அந்தப் பொத்தானைத் தேடித் தேடி, "போப்பா, கையில வாங்கிக்கோ" என்று நூறு ரூபாயை நீட்டினார். வாங்கவில்லை.

வெளிநாட்டில் யாருமே இல்லாதவர்களுக்கு என்ன வழி? எனக்கு ஒரே ஒரு முறை அனுப்பிய அனுபவம்தான். அதை வைத்துச் சொன்னால், ஊரில் வசூலிக்காமல் உங்கள் பணத்தை மட்டும், ஒரே தவணையாக அனுப்புங்கள். கூரை வேலை மழை விட்டதும் தொடங்கும் என்கிறார்கள்; படம் இன்னும் வரவில்லை.