வூர்ட்டம்பெர்க்கிலிருந்து மிச்சிகனுக்கு: ஒரு ஜெர்மன் மூதாதையைத் தேடப் பயன்படுத்திய தளங்கள்

என் மனைவியின் அம்மா வழிப் பாட்டனாருக்கும் பாட்டனார் ஒருவர் 1850களில் ஜெர்மனியிலிருந்து வந்து, மிச்சிகனில் ஆன் ஆர்பருக்குப் பக்கத்தில் விவசாயம் பார்த்தவர். அவர் எந்த ஊரை விட்டுக் கிளம்பினார் என்று சில ஆண்டுகளாகத் தேடிக் கண்டுபிடித்தோம். ஃபேமிலிசர்ச், ஆன்சஸ்ட்ரி, மேயர்ஸ் கெசட்டியர், ஆர்க்கியோன் ஆகிய நான்கு இணையதளங்களையும் அதற்காக நெடுநாள் பயன்படுத்திய அனுபவம் இது.

இதில் இறங்குகிறவர்கள் முதலில் போய் நிற்பது கப்பல் பட்டியலில்தான். ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகம் வழியாகப் போனவர்களுக்கு அது நல்ல வழி. 1850 முதல் 1934 வரையிலான பட்டியல்கள் ஆன்சஸ்ட்ரியில் இருக்கின்றன. பெரும்பாலும் சொந்த ஊரும் எழுதியிருக்கும். இன்னொரு துறைமுகமான பிரேமன் வழியாகப் போனவர்கள் பாடு கஷ்டம். வைக்க இடமில்லை என்று அதிகாரிகளே பழைய பட்டியல்களை அழித்துவிட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பவை 1920க்குப் பிந்தையவை. நியூயார்க்கில் இறங்கியவர்களின் பட்டியல் 1820 முதல் உண்டு. ஆனால் 1850களின் தாள்களில் பெயர், வயது, தொழில், நாடு, அவ்வளவுதான். 1854இல் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் அமெரிக்கா வந்தார்கள். யோஹான் கியோர்க் என்ற பெயரையும் வயதையும் வைத்து அதில் ஒருவரை எப்படிப் பிரித்தெடுப்பது? நியூயார்க்கில் குடியேறிகளைப் பதிவு செய்த எல்லிஸ் தீவு நிலையத்தின் பதிவுகளில் பார்க்கலாமே என்று பலர் சொன்னார்கள். அது திறந்ததே 1892இல்தான்.

ஊர் தெரியாமல் ஜெர்மன் ஆவணங்களைத் தொட்டுப் பயனில்லை. எங்கள் மூதாதையின் பகுதியான, தென்மேற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கில் அரசின் பிறப்புப் பதிவு தொடங்கியது 1876இல். அதற்கு முந்தையது எல்லாம் அந்தந்த ஊர் சர்ச் புத்தகத்தில்தான் கிடக்கிறது. அதனால் ஊர்ப் பெயரை அமெரிக்காவிலேயே தேட வேண்டும் என்பது என் திடமான கருத்து. 1880 அமெரிக்கக் குடிக்கணக்கில் பிறந்த இடம் 'வூர்ட்டம்பெர்க்' என்று மட்டும் இருந்தது. 1900 கணக்கு அவர் வந்த ஆண்டைத் தந்தது. குடியுரிமைத் தாளில் விசேஷமாக ஒன்றுமில்லை. 1906க்கு முந்தைய தாள்கள் பெரும்பாலும் அப்படித்தான். கடைசியில் ஊரைச் சொன்னது, அவரை அடக்கம் செய்த லுத்தரன் சர்ச்சின் இறப்புப் பதிவு. ஜெர்மன் போதகர் ஜெர்மனிலேயே எழுதி வைத்திருந்தார். உங்கள் மூதாதையின் பதிவில் ஊர் கிடைக்கவில்லை என்றால் தம்பி, தங்கை, ஞானப்பெற்றோர் என்று சுற்றியிருந்த எல்லாருடைய பதிவையும் பாருங்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து வந்து பக்கத்துப் பக்கத்தில் குடியேறுவது அன்று வழக்கம்.

வூர்ட்டம்பெர்க் மக்களின் வட்டார வழக்கான ஸ்வாபியப் பேச்சில் 'ப'வும் 'த'வும் மெலிந்து ஒலிக்கும். காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர் வரைபடத்தில் கிடைக்காது. அங்கேதான் மேயர்ஸ் கெசட்டியர் உதவியது. 1912ஆம் ஆண்டின் ஊர் அகராதி அது, இலவசம். பெயரில் சில எழுத்துகள் தெரியாவிட்டாலும் தேடலாம்; அந்த ஊருக்கு எந்த சர்ச் என்பதையும் காட்டும். இந்த நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் ஆர்க்கியோன். புராட்டஸ்டன்ட் சர்ச் புத்தகங்கள், கட்டணம் உண்டு. (கத்தோலிக்கக் குடும்பம் என்றால் மாட்ரிகுலா என்ற தளம் இலவசம்.) பெரும்பாலும் பெயர் போட்டுத் தேட முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'e' எழுத்தும் 'n' எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் வூர்ட்டம்பெர்க்கில் 1808 வாக்கில் தொடங்கிய குடும்பப் பதிவேடு ஒரு பொக்கிஷம். அப்பா, அம்மா, பிள்ளைகள் அனைவரும் ஒரே பக்கத்தில். எங்கள் பாட்டனாரின் பெயருக்கு எதிரே, அமெரிக்காவுக்குப் போனார் என்று ஒரு சின்னக் குறிப்பு. அதைப் படித்ததும் என் மனைவி அழுதுவிட்டாள்.

ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம்: ஆதாரம் காட்டாமல் மற்றவர்கள் ஏற்றி வைக்கும் குடும்ப மரங்கள். எங்கள் பாட்டனாரை அதே பெயருள்ள வேறொருவரோடு யாரோ முடிச்சுப் போட, அதைப் பலரும் அப்படியே நகலெடுத்திருந்தார்கள்.

செலவைப் பற்றி: ஃபேமிலிசர்ச் இலவசம், அதில் தொடங்குங்கள்; சில படங்கள் மட்டும் அவர்களுடைய மையங்களில்தான் திறக்கும். ஆன்சஸ்ட்ரியை அமெரிக்காவின் பல பொது நூலகங்களில் காசில்லாமல் பார்க்கலாம். ஊரும் சர்ச்சும் உறுதியான பிறகு, குர்ரென்ட் எழுத்து கொஞ்சம் பழகியபின் ஆர்க்கியோனுக்குப் பணம் கட்டினால் போதும்.