பழைய எலெக்ட்ரிக் கார் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: என் காருக்கு 3 சாவி, என் கையில் இருந்தது ஒன்று

மண்டபத்தில் இருந்து ராமநாதபுரத்தில் உள்ள பள்ளிக்குத் தினமும் போய்வருகிற ஆசிரியை நான். போக வர 70 கிலோமீட்டருக்கு மேல். பேருந்தில் நின்றே போய் முழங்கால் வலி வந்த பிறகு, வளைகுடாவில் இருக்கும் என் வீட்டுக்காரர் அனுப்பிய சேமிப்போடு நகைக்கடனையும் சேர்த்து, போன ஆனி மாதம் மதுரையில் ஒரு பழைய கார் கடையில் எலெக்ட்ரிக் கார் வாங்கினோம். ஒரு வருடம் கூட ஓடாத வண்டி, 15,80,000 ரூபாய். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். நம் பக்கத்து ஆட்கள் இன்னொருவர் இப்படி மாட்டக் கூடாது.

பணம் முழுவதும் கட்டிய அன்று கடைக்காரர் கையில் வைத்தது ஒரே ஒரு சாவி. துவாரத்தில் போட்டுத் திருகுகிற சாவி இல்லை இது. கைப்பையில் கிடந்தாலே போதும். கிட்டே போனால் கதவு திறக்கும், பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பும். "இன்னொரு சாவி எங்கண்ணே?" என்று என் தம்பி கேட்டான். "பழைய ஓனர் கோயம்புத்தூர்ல இருக்கார் தம்பி, ஒரு வாரத்துல கூரியர்ல வந்துடும்" என்றார். போனில் வண்டியை இயக்கும் ஆப் பற்றி நான் கேட்டேன். "ஆர்சி பேர் மாறினதும் அதெல்லாம் தானா மாறிடும் டீச்சர்" என்றார். இரண்டுமே பொய் என்று தெரிய எனக்கு ஒன்றரை மாதம் ஆனது.

முதல் தொந்தரவு சீட்டில் ஆரம்பித்தது. நான் ஐந்தடிக்கும் குறைவு. வாங்கி வந்த மாலையே சீட்டை முன்னால் நகர்த்தி, பக்கக் கண்ணாடிகளைத் திருத்தி, என் அளவை வண்டியின் நினைவில் பதிந்தேன். மறுநாள் காலை பிரேக்கில் கால் வைத்துப் பட்டனை அழுத்தினால், சீட் 'கிர்ர்' என்று என்னையும் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறது. கண்ணாடிகள் இரண்டும் வேறு பக்கம் திரும்புகின்றன. என் கால் பிரேக்கை விட்டு நழுவித் தொங்குகிறது. வண்டி பார்க்கிங்கில் இருந்ததால் தப்பித்தேன். அன்றைக்குத் திருத்திவைத்தாலும் அடுத்த நாள் பழையபடி ஆகிவிடும். கடைக்குப் போன் செய்தேன். "உங்களுக்கு இன்னும் வண்டி பழகலை டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டார். 12 வருடமாக வண்டி ஓட்டுகிறவளிடம் சொன்ன வார்த்தை அது.

அப்புறம் ஆடி மாதம் ஒரு ராத்திரி. கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது, மணி பதினொன்றரை இருக்கும். முற்றத்தில் நின்ற காரின் விளக்குகள் இரண்டு தரம் சிமிட்டின. உள்ளே ஏசி காற்றாடி இரைய ஆரம்பித்தது. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. என் மாமியார் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "ஏத்தா, வண்டி தானா ஓடுதே, உள்ள யாரு இருக்காக?" என்றார். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. கடல் ஈரத்துக்குக் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி பூத்திருந்தது, கை வைத்தால் சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே அணைந்தது. இரண்டு பெண்கள் மட்டும் இருக்கிற வீடு. விடியும் வரை நாங்கள் படுக்கவில்லை.

பழைய இன்சூரன்ஸ் தாளில் முன்னாள் உரிமையாளரின் எண் இருந்தது. காலையிலேயே கூப்பிட்டேன். நல்ல மனிதர், பதறிவிட்டார். தன் போனில் இருந்து ஆப்பை எடுத்துவிட்டாராம். ஆனால் கணக்கை மூடவில்லை. அதே கணக்கில் சேர்த்திருந்த மகனின் போனில் ஆப் அப்படியே இருந்திருக்கிறது. சென்னையில் படிக்கிற அந்தப் பையன் எதையோ தேடும்போது கை பட்டு ஏசி ஓடியிருக்கிறது. வண்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. ஆப்பில் தட்டினால் கட்டளை நிறுவனத்தின் சர்வர் வழியாக வண்டிக்கு வந்துவிடும். தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஏசி கூடப் பெரிதில்லை. வண்டி எங்கே நிற்கிறது என்பதும் அந்த ஆப்பில் தெரியும். நான் எத்தனை மணிக்குக் கிளம்புகிறேன், எந்தப் பள்ளி வாசலில் நிறுத்துகிறேன், ராத்திரி எந்தத் தெருவில் இருக்கிறேன் என்று முன்பின் தெரியாத ஒருவரின் போனில் ஒன்றரை மாதம் தெரிந்திருக்கிறது. அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. அன்றே கணக்கை நீக்கிவிட்டு மன்னிப்பும் கேட்டான்.

போனை வைக்கும் முன் அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "ரெண்டு சாவியையும் அந்தக் கடையிலேயே கொடுத்துட்டேனேம்மா."

சீட் ஏன் பின்னால் போனது என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஓட்டுநரை அடையாளம் காணும் வண்டி என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, என் வண்டி என் முகத்தைப் பார்த்து அடையாளம் காண்பதில்லை. சாவியைத்தான் பார்க்கிறது. என்னிடம் கொடுத்த சாவி, என்னைவிட உயரமான அந்த முன்னாள் உரிமையாளரின் பெயரோடு கட்டப்பட்டிருந்தது. அவருடைய அளவுகள் அவர் கணக்கில் இருந்ததால், நான் எத்தனை முறை மாற்றினாலும் அங்கிருந்து திரும்ப வந்துவிடும்.

சாவி வேலை செய்யும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கார்கள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் மெல்லிய அலையில் சாவியைக் கூப்பிடும், அது ஓரிரு மீட்டர்தான் எட்டும். சாவி 433 மெகாஹெர்ட்ஸ் அளவில் ரகசிய எண்ணால் பதில் சொல்லும். இந்தப் பேச்சை நடுவில் நின்று நீட்டித் தரும் கருவிகளால் வண்டியை ஏமாற்ற முடியும் என்று சுவிட்சர்லாந்தின் சூரிச் ஆய்வாளர்கள் 2011-லேயே 10 மாடல் கார்களில் காட்டினார்கள். 2018-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் டெஸ்லா மாடல் எஸ் சாவியைச் சில விநாடிகளில் நகலெடுத்தார்கள். என் விஷயத்தில் இந்தக் கருவி எதுவும் தேவையே இல்லை. என் வண்டி நம்பும் சாவி கடைக்காரரின் மேசை டிராயரில் கிடந்தது.

நேராகக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வண்டியில் கம்ப்யூட்டரை மாட்டிய பையன் திரையைப் பார்த்துவிட்டு, "மேடம், இதுல மூணு சாவி பதிவாகியிருக்கு" என்றான். வண்டி புதிதாக வரும்போது வந்தது இரண்டு. மூன்றாவதை யார் எப்போது ஏற்றினார்கள் என்று அவனுக்கும் தெரியவில்லை, முன்னாள் உரிமையாளருக்கும் தெரியவில்லை.

கடைக்காரரைக் கூப்பிட்டேன். இந்த முறை கூரியர் கதை இல்லை. "ரெண்டாவது சாவி வேணும்னா புரோகிராமிங் சார்ஜ் 18,000 ஆகும்" என்றார். என் சாவியை எனக்கே விற்கப் பார்த்தார். மறுத்துவிட்டேன். சர்வீஸ் சென்டரிலேயே 16,400 கொடுத்துப் புதுச் சாவி ஒன்று வாங்கி, பழைய பதிவுகள் எல்லாவற்றையும் அழித்து, என் கையில் இருந்த இரண்டை மட்டும் மறுபடி ஏற்றச் சொன்னேன். அப்படி ஏற்றும்போது அந்த இடத்தில் இல்லாத பழைய சாவிகள் செத்துவிடும்.

வாங்கப் போகிறவர்களுக்குக் கைகூப்பிச் சொல்கிறேன். பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். உங்கள் கைக்கு வராததை அங்கேயே அழிக்கச் சொல்லுங்கள். பழைய உரிமையாளரிடம் நேரில் பேசி, அவர் கணக்கையும் அதில் சேர்ந்திருக்கும் எல்லாப் போன்களையும் நீக்கச் சொல்லுங்கள். படிவம் 29, 30 கொடுத்து ஆர்சி பெயர் மாற்றுவது ஆர்டிஓ வேலை, அதற்கும் ஆப்புக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு சாவியோடு வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்பார்கள், இல்லையென்றால் இழுத்தடிப்பார்கள். பழைய வண்டி வாங்கி விற்கும் கடைகளுக்கு ஆர்டிஓ அங்கீகாரச் சான்று வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். பிறகு ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். கடை மதுரையில் இருந்தாலும், 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். அலையவேண்டுமே என்று பயந்து விட்டுவிடாதீர்கள்.

ஆணையத்தின் நோட்டீஸ் கடைக்குப் போன நாலாம் நாள் கூரியர் வந்தது. ஒரு பழுப்பு உறை, உள்ளே அந்த இரண்டாவது சாவி. கடிதம் இல்லை. பிரித்த கையோடு முற்றத்தில் நின்று காரைப் பார்த்து அழுத்தினேன். சாவியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது, கார் அசையவில்லை. அதையும் உறையோடு ஆணையத்தில் ஒப்படைக்க வைத்திருக்கிறேன். மூன்றாவது சாவி எங்கே இருக்கிறது என்று கடைக்காரர் இதுவரை சொல்லவில்லை.