நீலமா, கறுப்பா? ஏழு மாதம் கழித்து இரண்டு பட்ஜெட் போன்கள்

ஒரே வாரத்தில் வாங்கிய இரண்டு ஆண்ட்ராய்டு போன்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. நீலம் என்னுடையது, கறுப்பு தங்கையுடையது. இரண்டும் பட்ஜெட் ரகம், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வாங்கிய அன்று இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது யாரைக் கேட்டிருந்தாலும் நீலத்தைத்தான் காட்டியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது ஏழு மாதம் ஓடிவிட்டது. நடுவில் இரண்டு வாரம் சிம்மை மாற்றிப் போட்டு, அவள் போனை நானும் என் போனை அவளும் வைத்திருந்தோம். இன்று கேட்டால் கறுப்பு என்றுதான் சொல்வேன். முதல் வாரத்தில் எழுதப்படும் விமர்சனங்களில் இதற்கான காரணங்கள் வருவதே இல்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் என்ன போட்டிருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீலத்தில் ஃபுல் எச்டி அமோலெட் திரை, பெட்டிக்குள்ளேயே 33 வாட் சார்ஜர், பின்னால் மூன்று கேமரா, “8 ஜிபி ரேம்”. கறுப்பில் எல்சிடி திரை, அதுவும் 720 x 1600 பிக்சல் மட்டும். 15 வாட் சார்ஜிங், சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டும். இரண்டு கேமரா, 6 ஜிபி ரேம். பேட்டரி இரண்டிலும் 5000 எம்ஏஎச், ஸ்டோரேஜ் இரண்டிலும் 128 ஜிபி.

இந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. 128 ஜிபி என்ற எண் ஒன்றுதான், ஆனால் நீலத்தில் இருப்பது இஎம்எம்சி 5.1, கறுப்பில் இருப்பது யுஎஃப்எஸ் 2.2. இரண்டும் ஸ்டோரேஜ் சிப்பின் வகைகள்; முன்னது பழையது, மெதுவானது.

ஸ்டோரேஜ் செய்த வேலை

முதல் மாதம் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சொல்லப்போனால், திரை பளிச்சென்று இருந்ததால் நீலம்தான் வேகம் என்று தோன்றியது. மூன்றாவது மாதம், ஸ்டோரேஜில் 90 ஜிபி நிறைந்த பிறகு, நீலத்தில் திணறல் ஆரம்பித்தது. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் ஜன்னல் கம்பிக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. கேமராவைத் திறக்க பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினேன். வெறும் கறுப்புத் திரை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு வினாடி. கேமரா திறந்தபோது ஜன்னல் மட்டும்தான் இருந்தது.

அதைவிட எரிச்சல், பின்னணியில் ஆப்கள் அப்டேட் ஆகும் நேரம். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று தட்டச்சு செய்தால் விரல் முடித்து இரண்டு வினாடி கழித்து எழுத்துகள் மொத்தமாக வந்து விழும். இதற்குக் காரணம் உண்டு. இஎம்எம்சியில் படிப்பதும் எழுதுவதும் ஒரே பாதை. எதிர்ப்பக்க வண்டி போய் முடியும்வரை இந்தப் பக்கம் காத்திருக்க வேண்டிய ஒற்றைத்தடப் பாலம் மாதிரி. அப்டேட் எழுதப்படும்போது நீங்கள் திறக்கும் ஆப் வரிசையில் நிற்கிறது. யுஎஃப்எஸ்ஸில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். வேகமும் வேறு. இஎம்எம்சி 5.1-இன் உச்ச வரம்பே வினாடிக்கு 400 மெகாபைட், யுஎஃப்எஸ் 2 வரிசையில் ஏட்டளவில் அதைப்போல மூன்று மடங்கு வரை போகலாம். பட்ஜெட் போனில் அந்த உச்சத்தை நாம் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் வித்தியாசம் கையில் தெரிகிறது. 2020-இல் வந்த யுஎஃப்எஸ் 2.2-இல், எழுதும் வேலையைத் துரிதப்படுத்த ரைட் பூஸ்டர் என்று ஒரு வசதியும் சேர்ந்தது.

இப்போது கறுப்பில் 95 ஜிபி நிறைந்திருக்கிறது. கேமரா ஒரு வினாடிக்குள் திறக்கிறது. அப்டேட் ஓடும்போதும் தட்டச்சு தடுமாறுவதில்லை.

அப்புறம் அந்த 8 ஜிபி ரேம். உண்மையில் அது 4 ஜிபி. மீதி 4 ஜிபி ‘விர்ச்சுவல் ரேம்’, அதாவது ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. ரேமில் இடமில்லாதபோது, அப்போது பயன்படாத தரவுகளை ஸ்டோரேஜில் இறக்கி வைத்து, தேவைப்படும்போது திரும்ப ஏற்றுகிறார்கள். ரேமை விட ஸ்டோரேஜ் பல மடங்கு மெதுவானது, அதிலும் நம்மிடம் இருப்பது இஎம்எம்சி. ஏற்கெனவே நெரிசலான பாலத்தில் இன்னொரு வண்டியை ஏற்றுகிற வேலை இது. செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிட்டு போனை ரீஸ்டார்ட் செய்தேன். திணறல் கண்கூடாகக் குறைந்தது. பெட்டியில் ‘8 ஜிபி வரை’ என்றோ ‘4+4’ என்றோ சின்ன எழுத்தில் இருந்தால், அதை 4 ஜிபி போன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஸ்டோரேஜ் வகையை எப்படித் தெரிந்துகொள்வது? நிறுவனத்தின் விவரப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே எதுவும் எழுதவில்லை என்றால் நான் இஎம்எம்சி என்றே எடுத்துக்கொள்வேன். யுஎஃப்எஸ் போட்டவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

காதில் வைத்தால்

அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். நடுவில், “என்னப்பா, இருக்கியா? சத்தத்தையே காணோம்” என்றார். நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன். போனை எடுத்துப் பார்த்தால் திரை எரிந்துகொண்டிருக்கிறது, கன்னம் பட்டு மியூட் ஆகியிருக்கிறது. இது ஒரு தடவை நடந்ததல்ல. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது மியூட் ஆகும், இல்லையென்றால் ஹோல்டுக்குப் போகும், ஒருமுறை அழைப்பே துண்டிக்கப்பட்டது.

காரணம், நீலத்தில் உண்மையான ப்ராக்சிமிட்டி சென்சார் இல்லை. வழக்கமான சென்சார் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது காதில் பட்டுத் திரும்புவதை வைத்துத் திரையை அணைக்கும். இதில் அந்தப் பாகத்தை மிச்சம் பிடித்துவிட்டு, திரை மேல் காது படுவதையும் போன் எந்தக் கோணத்தில் சாய்கிறது என்பதையும் வைத்து மென்பொருள் ஊகிக்கிறது. பல நேரம் சரியாகவே ஊகிக்கிறது. ஆனால் போனின் முதல் வேலை பேசுவது. அந்த இடத்தில் ‘பல நேரம்’ என்பது எனக்குப் போதாது. கறுப்பில் சென்சார் இருக்கிறது, ஏழு மாதத்தில் தங்கை ஒருமுறைகூட இந்தப் புகாரைச் சொல்லவில்லை.

கறுப்பிலும் ஒரு சென்சார் விடுபட்டிருக்கிறது: திசைகாட்டி. மேப்பைத் திறந்தால் நாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று அம்புக்குறி காட்டாது. பத்தடி நடந்த பிறகுதான் சரியான திசையா, எதிர்த்திசையா என்பது தெரியும். புது இடத்தில் நடந்தே போகிறவர்களுக்கு இது நிஜமான தொல்லை. வண்டியில் போகும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை.

அலாரமும் அறிவிப்பும்

என் போனைத் தங்கை வைத்திருந்த இரண்டு வாரத்தில் நடந்ததுதான் என்னை உண்மையாகவே பயமுறுத்தியது. அம்மாவின் மாத்திரைக்காக நினைவூட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, இரவு 8 மணிக்கு வைத்திருந்தாள். 10 மணிக்கு மேல் போனை எடுத்து லாக்கைத் திறந்ததும்தான் அறிவிப்பு வந்தது. “அண்ணா, உன் போன் மணி அடிக்கவே இல்லை, இதை நம்பி எப்படி இருக்க?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

ஆண்ட்ராய்டிலேயே 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து டோஸ் என்ற ஏற்பாடு உண்டு. போன் சும்மா கிடக்கும்போது பின்னணி வேலைகளைத் தள்ளிப்போட்டு பேட்டரியை மிச்சப்படுத்தும். சில நிறுவனங்கள் அதற்கு மேலே தங்கள் கட்டுப்பாடுகளையும் போட்டு, திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் ஆப்களை ஒரேயடியாக மூடிவிடுகின்றன. நினைவூட்டிகள், மெசேஜ்கள், நடைக்கணக்கு எல்லாம் இதில் அடிபடும். தீர்வு உண்டு. அந்த ஆப்பின் விவரப் பக்கத்தில் பேட்டரி என்ற இடத்துக்குப் போய், கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்ற வேண்டும். தானாகத் தொடங்கும் அனுமதி தனியாக இருந்தால் அதையும் கொடுக்க வேண்டும். நீலத்தில் இரண்டையும் செய்த பிறகு சரியாகிவிட்டது. ஆனால் வயதானவர் ஒருவருக்கு இந்தப் போனை வாங்கிக் கொடுத்தால், இதையெல்லாம் யார் போய் மாற்றித் தருவார்கள்? கறுப்பில் எந்த மாற்றமும் செய்யாமலே 8 மணி நினைவூட்டல் 8 மணிக்கே அடித்தது.

நீலத்தில் விளம்பரமும் உண்டு. ஃபைல் மேனேஜரிலிருந்து தீம் ஆப் வரை எல்லாமே அறிவிப்பு அனுப்பும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைத்தேன். போனோடு வந்த ஆப்களில் சிலவற்றை நீக்க வழியில்லை, முடக்கத்தான் முடிந்தது. அடுத்த பெரிய அப்டேட்டில் அவற்றில் இரண்டு மறுபடி விழித்துக்கொண்டன.

அப்டேட் என்றதும், இரண்டு போன்களிலும் செட்டிங்ஸில் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைப் பார்த்தேன். கறுப்பில் போன மாதத் தேதி. நீலத்தில் நான்கு மாதம் பழையது. வங்கி ஆப் வைத்திருப்பவர்கள் இந்தத் தேதியை அவ்வப்போது பார்ப்பது நல்லது.

நீலம் ஜெயிக்கிற இடங்கள்

திரையில் நீலத்துக்குப் பக்கத்தில் கறுப்பு நிற்கவே முடியாது. மதிய வெயிலில் கறுப்பை வெளியே எடுத்தால் கையால் மறைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். நீலம் தெளிவாகத் தெரியும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்த்தால் அமோலெட்டின் கறுப்பு நிஜமான கறுப்பாக இருக்கும், எல்சிடியில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். எழுத்தின் விளிம்புகளும் நீலத்தில்தான் கூர்மை. ஒரே ஒரு எச்சரிக்கை: அமோலெட் திரைகள் பல, ஒளியைக் குறைக்கும்போது மிக வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குக் கண் வலிக்கும். தங்கைக்கு வலித்தது, எனக்கு ஒன்றும் இல்லை.

சார்ஜிங்கிலும் நீலம்தான். முழுதாக ஏற ஒன்றேகால் மணி நேரம். கறுப்புக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது, ராத்திரியே போட்டு வைக்கிற பழக்கம் இல்லாவிட்டால் கஷ்டம்தான். ஆனால் ஏற்றியது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தால் கதை மாறுகிறது. கறுப்பில் இருப்பது 6 நானோமீட்டர் சிப், திரைக்கும் பிக்சல் குறைவு, ஒன்றரை நாள் தாங்குகிறது. நீலத்தில் பழைய 12 நானோமீட்டர் சிப் (பொதுவாக இந்த எண் சிறிதாக இருந்தால் சிப் குறைவாக மின்சாரம் இழுக்கும்). இரவு 8 மணிக்கு 20 சதவீதம்தான் மிச்சம் இருக்கும். அதனால் நான் தினமும் சார்ஜ் போடுகிறேன், அவள் மூன்று நாளில் இரண்டு முறை போடுகிறாள். இது பேட்டரியின் ஆயுளிலும் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு ஒரு விதி இருக்கிறது: 800 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு இருக்க வேண்டும். அதை அளவுகோலாக வைத்தால், தினமும் ஒரு சுற்று போகிறவருக்கு 800 என்பது இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். அவளுக்கு மூன்று வருடத்தைத் தாண்டும்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டிலும் 50 மெகாபிக்சல், இரண்டும் நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம்தான் தருகின்றன. பகலில் நீலத்தின் நிறங்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. இரவில் இரண்டுமே சுமார்தான். நீலத்தின் கூடுதல் 2 மெகாபிக்சல் மேக்ரோவை (மிக அருகில் வைத்துப் படமெடுக்கும் கேமரா) ஏழு மாதத்தில் இரண்டு முறை திறந்தேன்.

இதே காசுக்குப் பழைய உயர்ரக போன் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேமராவும் வேகமும் நிச்சயம் மேலாக இருக்கும். அப்டேட் இன்னும் வருகிறதா, பேட்டரியை மாற்றியிருக்கிறார்களா என்ற இரண்டுக்கும் உறுதியான பதில் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் நான் தொடமாட்டேன்.

எனக்குத் தெரிந்தவரை, நீலத்தை வாங்க வேண்டியவர்கள் படம் பார்க்கவும் படிக்கவும்தான் முக்கியமாகப் போனை எடுப்பவர்கள். வெயிலில் வேலை செய்பவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்ற எல்லோருக்கும், குறிப்பாக அப்பா அம்மாவுக்கு வாங்குபவர்களுக்கு, கறுப்பு மாதிரியான போன்தான் என் சிபாரிசு.

சரி, நீலத்தை என்ன செய்தேன்? போன வாரம் படங்களையெல்லாம் கணினிக்கு மாற்றிவிட்டு ஃபேக்டரி ரீசெட் கொடுத்தேன். தேவையான ஆப்களை மட்டும் திரும்பப் போட்டேன். விர்ச்சுவல் ரேமை அணைத்தேன், செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷனில், திரை அசைவுகள் சீக்கிரம் முடியும்படி அனிமேஷன் அளவை 0.5 ஆக்கினேன், ஆப் அப்டேட்டுக்கு என்று இரவில் ஒரு நேரம் ஒதுக்கிவிட்டேன். இப்போது 70 ஜிபி காலியாக இருக்கிறது, கேமரா இரண்டு வினாடிக்குள் திறக்கிறது. காதில் வைத்துப் பேசுவதை விட்டுவிட்டு இயர்போனுக்கு மாறிவிட்டேன், அம்மாவுக்கு இப்போது என் குரல் விட்டுப்போவதில்லை. பாதிக்கு மேல் காலியாக வைத்துக்கொண்டே ஓட்டினால் இந்த வேகம் எத்தனை மாதம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.