20-60×80 ஸ்கோப்: கரைப்பறவைகளுக்கு 60 மடங்கு உதவுமா?

கோடியக்கரை உப்பளப் பாத்தியில் 150 மீட்டருக்கு அப்பால் மேயும் சிறு உள்ளான்களைப் பிரித்தறிய 8×42 பைனாக்குலர் போதாது. ஸ்கோப் (ட்ரைபாடில் பொருத்திப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) வாங்கப் போனால் முதலில் எடுத்துக் காட்டுவது 20-60×80 வகையைத்தான்: 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும், முன்வில்லையின் அகலம் 80 மி.மீ. அருமையான கருவி. ஆனால் 60 என்ற எண்ணை நம்பி வாங்காதீர்கள்.

20 மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 4 மி.மீ.; 60 மடங்கில் 1.3 மி.மீ.தான். படம் மங்கும், லேசான காற்றுக்கே ஆடும். வெயில் ஏறிக் கானல் எழுந்துவிட்டால் பெரிதாகத் தெரிவது கானலின் நெளிவுதான். உண்மையான வேலை நடப்பது 25 முதல் 35 மடங்குக்குள். சதுப்பு உள்ளானின் ஊசி அலகையும், பச்சைக்காலியின் தடித்துச் சற்றே மேல்நோக்கிய அலகையும் பிரிக்க 30 தாராளம். மணல் உப்புக்கொத்திகளில் அலகு நீளத்தை, அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். அதைவிடத் தெளிவாக நீண்டிருந்தால் அது பெரிய மணல் உப்புக்கொத்தி. பறவை பக்கவாட்டில் நிற்க வேண்டும். நம் பக்கம் திரும்பியிருந்தால் எந்த அலகும் குட்டையாகத்தான் தெரியும்.

காசைக் கொட்ட வேண்டிய இடம் ஈடி (ED) கண்ணாடி, அதாவது ஓரங்களில் நிறம் பிரிவதைக் குறைக்கும் சிறப்பு வில்லைக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியில், தகிக்கும் நீர்ப்பரப்புக்கு எதிரே கால்களின் ஓரத்தில் ஊதா, பச்சைக் கோடுகள் படரும். கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால், டெம்மிங்க் கொசு உள்ளானுக்கு மஞ்சள்பச்சை. அந்த ஒரு அடையாளமே கெட்டுப்போகும். சேறு அப்பிய காலும் கறுப்பாகவே தெரியும், அதை எந்தக் கண்ணாடியும் திருத்தாது. அப்போது முதுகைப் பாருங்கள்: டெம்மிங்கின் முதுகு ஒரே பழுப்புச்சாம்பல், மார்பிலும் அதே சாயல் இறங்கியிருக்கும்.

ட்ரைபாடில் மிச்சம் பிடிப்பது பெரிய தவறு. நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களை அகட்டி, பையைக் கீழே தொங்கவிட்டால் ஆட்டம் பெரிதும் அடங்கும். 20இல் பறவையைப் பிடித்து, ஃபோகஸ் செய்த பிறகே ஸூமைத் திருப்புங்கள்.

சாய்ந்த கண்வில்லை, உயரம் வேறுபட்ட பலர் மாறி மாறிப் பார்க்க வசதி. காரிலிருந்து பார்ப்பவர்களுக்கு நேர் வகையே மேல். வரப்பில் நெடுநேரம் நடப்பவர்கள் 65 மி.மீ. ஈடி ஸ்கோப் வாங்கலாம். 40 மடங்கு வரை பெரிய குறை தெரியாது, தோளும் தப்பும். உப்புக்காற்றிலிருந்து திரும்பியதும் வில்லையை உடனே துடைக்காதீர்கள். முதலில் ஊதுபந்தால் துகளை அகற்றி, பிறகு நல்ல நீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுங்கள்.