நெல் மூட்டைக்கும் கொழுப்பு 27.6 வீதம்

வெல்லாவெளியிலிருந்து மச்சான் கொண்டுவந்து இறக்கிய நெல் மூட்டையின் நிறை சரிதானா என்று பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் பெரிய தராசு கிடையாது. ஐந்து வாரத்துக்கு முன் 14,500 ரூபாய் கொடுத்து, உடற்கொழுப்பையும் அளக்கும் என்று நம்பி நான் வாங்கிய கண்ணாடித் தராசைத் தரையில் வைத்து, மூட்டையை நிமிர்த்தி அதன்மேல் நிறுத்தினோம். 69.1 கிலோ. அத்தோடு விட்டிருக்கலாம். அலமாரியில் கிடந்த என் கைத்தொலைபேசி மெல்ல ஒலித்தது. மகள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வாசித்தாள்: "உடற்கொழுப்பு 27.6 வீதம். உடல் நீர் 52.9 வீதம். உடல் வயது 54. வாழ்த்துகள், நீங்கள் 700 கிராம் குறைந்திருக்கிறீர்கள்."

மச்சான் மூட்டையின் முதுகில் தட்டிக்கொடுத்தார். "14 வீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல் சந்தைப்படுத்தும் சபை முழு விலை தராது அத்தான். 53 வீத ஈரத்தோடு இதை நான் எங்கே கொண்டுபோய் விற்பது?"

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தராசையும், கடற்கரையில் ஒருவன் விற்ற நிறை குறைக்கும் மாவையும் நம்பி ஒரு மாதமாக நான் இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தேன். ஆகவே இதை எழுதுகிறேன். மட்டக்களப்பில் காலை நடைக்குப் போகிறவர்கள் வாசித்து, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.

எனக்கு 52 வயது. அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து கோப்புப் பார்க்கிற வேலை. கடந்த மூன்று மாதத்துச் சீனி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை 6.1 வீதம் என்று வந்தது. சீனி வருத்தம் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்றார் வைத்தியர். உயரம் 163 சென்றிமீற்றர், நிறை 71 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 96 சென்றிமீற்றர். எங்களைப் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90ஐத் தாண்டக்கூடாது என்று விளக்கி, முதலில் நாலைந்து கிலோ குறையுங்கள், சோற்றைப் பாதியாக்குங்கள், நடவுங்கள் என்றார். அதற்கு மேல் எதுவும் எழுதித் தரவில்லை. மருந்தே இல்லாமல் அனுப்பிவிட்டாரே என்று எனக்கு உள்ளூர ஒரு குறை. பின்னால் அந்தக் குறையைத்தான் ஒருவன் காசாக்கினான்.

கல்லடிப் பழைய பாலத்தைக் கடந்து கடற்கரை வரை நடந்து திரும்புவது என் வழக்கம். ஒருநாள் கடற்கரைப் பக்கம் பச்சைத் துணி விரித்த மேசை ஒன்றைப் போட்டிருந்தார்கள். இலவச உடற்பரிசோதனையாம். கழுத்துப்பட்டி கட்டிய இளைஞன் ஒருவன், "வாங்க சேர், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்க" என்றான். ஒரு மணித்தியாலம் நடந்து வியர்வை வழிய நின்ற நான் அப்படியே ஏறினேன். சின்னத் துண்டுச் சீட்டு ஒன்று அச்சாகி வந்தது. கொழுப்பு 34 வீதம், உள்ளுறுப்புக் கொழுப்பு 15, உடல் வயது 66. சிவப்புப் பேனாவால் 66ஐ வட்டமிட்டுவிட்டு, "சேர், உங்கள் உடம்பு பென்ஷன் எடுத்துவிட்டது" என்றான். பக்கத்தில் நின்ற நடைத் தோழர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே நான் 12,800 ரூபாய்க்கு ஒரு டின் மாவு வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டில் தினமும் பார்த்துக்கொள்ள இதே மாதிரித் தராசு நகரில் ஒரு கடையில் கிடைக்கும் என்று அவனே சொல்லி அனுப்பினான்.

நாலு வாரம் கழித்து அதே மேசை. கொழுப்பு 25 வீதம், உடல் வயது 49! நிறை 69.8. என்னை நிற்கவைத்துப் படமெடுத்துக்கொண்டான். சந்தோஷத்தில் இன்னொரு டின் வாங்கினேன். வரிசையில் நின்ற ஓர் அக்காவிடம், "இந்தச் சேரைப் பாருங்கள், நீங்களும் சீனி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தலாம்" என்று அவன் சொன்னதும் என் காதில் விழுந்தது. அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நெல் மூட்டைக்குப் பிறகுதான் மகள் இரண்டு சீட்டுகளையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டாள். 71 கிலோவில் 34 வீதம் என்றால் 24 கிலோ கொழுப்பு. 69.8 கிலோவில் 25 வீதம் என்றால் பதினேழரை. ஆறரைக் கிலோவுக்கு மேல் கொழுப்பு கரைந்திருக்கிறது; ஆனால் நிறை குறைந்தது ஒரு கிலோ 200 கிராம்தான். "அப்படியென்றால் மிச்சம் ஐந்து கிலோவுக்கு மேல் உங்களுக்குத் தசை வளர்ந்திருக்க வேண்டும் அப்பா. எங்கே?" என்று என் கையைப் பிடித்துப் பார்த்தாள். பாரம் தூக்கிப் பயிற்சி செய்கிற இளைஞர்களுக்கே நாலு வாரத்தில் நடக்காத காரியம் அது.

சீட்டின் மேல்வரியில் சின்ன எழுத்து. நான் ஒருநாளும் வாசிக்காத வரி. முதல் சீட்டில்: வயது 58, உயரம் 157. இரண்டாவதில்: வயது 52, உயரம் 170, பக்கத்தில் ஓடும் மனிதனின் சின்னப் படம். முதல் நாள் என்னை ஆறு வயது கூட்டி ஆறு சென்றிமீற்றர் சுருக்கியிருக்கிறான். பிறகு ஏழு சென்றிமீற்றர் இழுத்து விளையாட்டு வீரனாக்கியிருக்கிறான். அந்த ஓடும் படம் வாரத்துக்கு 10 மணித்தியாலத்துக்கு மேல் கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கான அமைப்பு. அதை அழுத்தினால் அதே உடம்புக்கு வேறு சூத்திரத்தால் கணக்குப் போட்டு, கொழுப்பைக் குறைத்துக் காட்டும்.

இந்த இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரியாமல்தான் நான் ஏமாந்தேன். உண்மையான கருவியாக இருந்தாலும் அது கொழுப்பை நேராக அளப்பதில்லை. காலுக்கடியிலுள்ள உலோகத் தகடுகள் வழியாக ஒரு மில்லி அம்பியருக்கும் குறைந்த மாறுதிசை மின்னோட்டத்தை, பெரும்பாலும் 50 கிலோ ஹேர்ட்ஸில், உடம்புக்குள் விடுகிறது. தசையில் நீரும் உப்பும் அதிகம், மின்சாரம் இலகுவாகப் போகும், கொழுப்பில் தடைபடும். அளப்பது அந்தத் தடையை மட்டுமே. மற்றதெல்லாம் வயது, உயரம், நிறை, ஆண் பெண் என்பவற்றைச் சேர்த்துப் போடும் கணக்கு. இரண்டு காலாலும் மட்டும் நிற்கிற தராசில் மின்சாரம் ஒரு காலால் ஏறி மறுகாலால் இறங்கிவிடும். கையையும் நெஞ்சையும் அது தொடுவதே இல்லை. கல்லடி வெயிலில் வியர்த்து நீர் இழந்தால் கொழுப்பு கூடியதாகக் காட்டும். நடந்து தோல் சூடேறியிருந்தால் குறைத்தும் காட்டக்கூடும். எந்தப் பக்கம் சாயும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். உடல் வயது என்பதோ ஒவ்வொரு கம்பனியும் தன் விருப்பத்துக்குப் போடும் கணக்கு. வைத்தியர் அதைக் கேட்டுச் சிரித்தார், அவ்வளவுதான்.

மின்சாரம் உடம்பில் ஓடுவதால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறக்கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே எழுதியிருப்பார்கள். அந்த மேசையில் எவரிடமும் எவரும் இதைக் கேட்டதை நான் காணவில்லை.

என் வீட்டுத் தராசின் கதை வேறு. மறுநாள் மகள் இரண்டு சோடி தடித்த காலுறை மாட்டிக்கொண்டு ஏறினாள். தடித்த காலுறைக்குள்ளால் மின்சாரம் போகாது; உண்மையான கருவியென்றால் நிறையை மட்டும் காட்டிவிட்டு நின்றிருக்க வேண்டும். கொழுப்பையும் எலும்பையும் சேர்த்து ஒப்பித்தது. தொலைபேசி பழுதுபார்க்கும் தெரிந்த பையன் ஒருவனிடம் கொண்டுபோனேன். அடியிலுள்ள ஆணிகளைக் கழற்றித் திருப்பினான். நாலு மூலையிலும் நிறை உணரும் சின்ன இரும்புத் துண்டுகள், அவற்றிலிருந்து நடுப்பலகைக்கு மெல்லிய வயர்கள். மேலே பளபளத்த நாலு வட்டங்களிலிருந்து ஒரு வயர்கூட இல்லை. ஒரு வட்டத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினான். உரிந்து வந்தது. வெள்ளிநிற ஒட்டுத்தாள்! பின்பக்கம் பசை இன்னும் ஈரமாக ஒட்டியது.

கடைக்குப் போனேன். பெட்டி திறந்த சாமானைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள். பற்றுச்சீட்டில் தராசு என்ற சொல்லே இல்லை. "உடற்பயிற்சிப் பொருள்" என்று கையால் எழுதியிருந்தார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தேன். முறைப்பாட்டை, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒட்டுத்தாளின் படம், சீட்டுகளின் பிரதி, பற்றுச்சீட்டு எல்லாம் வைத்து எழுதினேன். அதன் பிரதியைக் கடையில் காட்டிய அன்று 9,000 ரூபாய் தந்து, மிச்சத்துக்குச் சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 9,000ஐ எடுத்துக்கொண்டு வந்தேன். முறைப்பாட்டை வாபஸ் வாங்கவில்லை. மாவுக்காசு போனது போனதுதான். அதற்குச் சீட்டே தரவில்லை. பொருள் வாங்கும்போது பெயர் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் தரவேண்டியது அவர்கள் கடமை.

நல்ல கருவி வைத்திருப்பவர்களை எறியச் சொல்லவில்லை. விடியக்காலை கழிப்பறை போய்வந்து, தண்ணீர் குடிக்க முன், வெறுங்காலோடு ஏறுங்கள். ஒருநாள் இலக்கத்தைப் பிடித்துத் தொங்காமல் மாதக்கணக்கில் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். உங்கள் வயதையும் உயரத்தையும் நீங்களே பதியுங்கள், இன்னொருவன் கையில் விடாதீர்கள். நான் இப்போது மனைவியின் தையல் நாடாவைத்தான் நம்புகிறேன். வயிற்றுச் சுற்றளவு 96 இப்போது 93.

போன சனிக்கிழமை களுவாஞ்சிக்குடிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். அதே பச்சைத் துணி, அதே மேசை. கழுத்துப்பட்டியின் நிறம் மட்டும் வேறு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.