மைனஸ் 20 இரவில் நின்றுபோகும் ஃபேர்னஸ்: பல குளிர்காலங்கள் ஓடிய பிறகு தெரிய வருபவை

ஒன்ராறியோ வீடுகளின் பேஸ்மென்றில் இன்று பெரும்பாலும் நிற்பது, வீட்டைச் சூடாக்கும் உயர்திறன் காஸ் ஃபேர்னஸ்தான். வீட்டுச் சுவருக்கு வெளியே இரண்டு பிளாஸ்ரிக் குழாய்கள் தலை நீட்டியிருந்தால் உங்களுடையதும் அதுவே. காஸை மிச்சம் பிடிப்பதில் இதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் புகைபோக்கி வைத்த பழைய ஃபேர்னஸின் சகிப்புத்தன்மை இதற்குக் கிடையாது. கடுங்குளிரில் நின்றுவிட்டால், பல வேளைகளில் எதுவும் உடைந்திருக்காது. ஒரு பாதுகாப்புச் சுவிச் தன் கடமையைச் செய்திருக்கும். எது என்று அறிய முதலில் காதைத் தீட்டுங்கள்.

நல்ல நிலையில் உள்ள ஃபேர்னஸ் எப்போதும் ஒரே ஒழுங்கில்தான் இயங்கும். தேர்மோஸ்ரற் வெப்பம் கேட்டதும் புகையை வெளியே தள்ளும் சிறிய இன்டியூசர் மோட்டார் சுழலும். காற்றழுத்தச் சுவிச் 'டிக்' என்று மூடும். தீ மூட்டும் இக்னைற்றர் செம்மஞ்சளாகப் பழுக்கும். காஸ் வால்வு திறந்து தீ பிடிக்கும். அரை நிமிடம் அளவில், சூடான காற்றை வீட்டுக்குள் தள்ளும் பெரிய புளோவர் ஓடத் தொடங்கும். இந்தச் சங்கிலி எங்கே அறுகிறதோ, பழுது அங்கேதான்.

சுவிச்சை அணைத்துப் போட்டுப் பார்க்க அவசரப்பட வேண்டாம். ஃபேர்னஸ் கதவிலுள்ள சிறு கண்ணாடி வழியே, அதை இயக்கும் மின்பலகையான போர்ட்டின் எல்.இ.டி. விளக்கு எத்தனை தடவை மினுங்குகிறது என்று எண்ணுங்கள். அதன் அர்த்தம் கதவின் உட்புறத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். பல போர்டுகளில் மின்சாரத்தை நிறுத்தினால் அந்தக் குறியீடு அழிந்துவிடும். பிறகு வரும் ரெக்னீஷியனும் ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியதுதான்.

சத்தமே இல்லையென்றால் விடயம் அநேகமாகச் சின்னது. தேர்மோஸ்ரற் பற்றறி, பிரேக்கர், சரியாகப் பூட்டப்படாத ஃபேர்னஸ் கதவு. படிக்கட்டருகே லைற் சுவிச் போலவே இருக்கும் ஃபேர்னஸ் சுவிச்சை யாராவது தவறி அணைத்திருக்கலாம். போர்ட்டில் காருக்குப் போடும் மாதிரி ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும். ஊதா என்றால் 3 அம்பியர், மங்கிய பழுப்பு என்றால் 5. எரிந்திருந்தால் அதே அளவையே போடுங்கள். மறுபடி எரிந்தால் பெரும்பாலும் தேர்மோஸ்ரற் வயர் எங்கோ ஒன்றோடொன்று முட்டுகிறது.

இன்டியூசர் ஓடிக்கொண்டே இருக்கிறது, இக்னைற்றர் பழுக்கவில்லை என்றால் காற்றழுத்தச் சுவிச் மூடவில்லை. இந்த வகையின் உண்மையான பலவீனம் இங்கேதான். காஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பிழிந்தெடுப்பதால்தான் இவ்வளவு திறன். ஆனால் அந்த நீர், கடுங்குளிர் நாளில் பல லீற்றர், வெளியேற வேண்டும். வெளிக்குழாய் வாயில் பனி மூடியிருக்கிறதா, உள்ளே உறைபனி படர்ந்திருக்கிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள். பனியைக் கையால் விலக்குங்கள். மண்வெட்டியால் அடித்தால் குழாய் வெடிக்கும்.

வெளியே சுத்தம் என்றால் அடுத்தது நீர் வடியும் பொறி, அதாவது வடிகுழாயில் சிறிது நீரைத் தேக்கிக் காற்றை மறிக்கும் துண்டு. மின்சாரத்தை நிறுத்தி, கீழே வாளி வைத்து, கழற்றி, இளஞ்சூட்டு நீரில் வழுவழுப்பான அழுக்குப் போகக் கழுவுங்கள். திரும்பப் பூட்டும் முன் அதில் நீர் நிரப்ப வேண்டும். வெறுமையாகப் பூட்டினால் அதன் வழியே காற்று இழுபட்டு நீர் வடியாமல் நிற்கும். இதைப் பலர் மறந்துவிட்டு, 'கழுவியும் சரிவரவில்லை' என்கிறார்கள். சுவிச்சுக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு துளி நீர் நின்றாலே போதும், ஃபேர்னஸ் தொடங்காது. குழாயைக் கழற்றி உதறுங்கள். சுவிச்சுக்குள் வாயால் ஊத வேண்டாம், உள்ளே இருப்பது மெல்லிய சவ்வு. தரையில் வடிகால் இல்லாத வீடுகளில் சிறு பம்ப் இருக்கும். அதன் மிதவை சிக்கினாலும் ஃபேர்னஸ் நிற்கும்.

தீ பிடித்து, சில விநாடிகளில் அணைந்து, மூன்று நான்கு தடவை அப்படியே நடந்து, மேலும் தொடங்காமல் பூட்டிக்கொள்கிறதா? காரணம் பெரும்பாலும் தீ உணரி என்ற கம்பி. தீயின் ஊடாக ஓடும் மிக நுண்ணிய மின்னோட்டத்தை, மைக்ரோஅம்பியர் கணக்கில், இந்தக் கம்பி உணர்கிறது. அதன் மேல் படியும் சாம்பல் நிறப் படலம் மின்னோட்டத்தைத் தடுத்தால், எரிகிற தீயே இல்லை என்று போர்டு முடிவெடுத்து காஸை மூடும். கம்பியை நிறுத்துவது கால் அங்குலத் தலையுள்ள ஒரே ஒரு திருகாணி. மெல்லிய இரும்புப் பஞ்சால் தேய்த்து, துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம்; கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும். ஒக்ரோபரில் வரும் சேர்விஸில் இதைக் கேட்டுச் செய்வித்தால் ஜனவரி இரவொன்று மிஞ்சும்.

இக்னைற்றர் பழுக்காவிட்டால் அதில் மயிரிழை வெடிப்புத் தேடுங்கள். விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பசையே அதைக் கொல்லும். மாற்றுவதை ரெக்னீஷியனிடம் விடுங்கள், ஆனால் உங்கள் மாடலுக்குரிய ஒன்றை வாங்கி அலுமாரியில் வைத்திருங்கள்.

சில நிமிடம் எரிந்து, தீ அணைந்து, புளோவர் மட்டும் ஓடினால் காற்றுப் போதாமல் உள்ளே சூடேறுகிறது. பெரும்பாலும் காற்றை வடிகட்டும் ஃபில்ரர்தான். ஓர் அங்குல ஃபில்ரரை வின்ரரில் மாதம் ஒருமுறை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மீன் பொரிக்கும் வீட்டில் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து அடைக்கும். மேர்வ் என்பது ஃபில்ரர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதற்கான அளவு; ஒல்லியான இடத்தில் மேர்வ் 13 போட்டுத் திணறவைப்பதை விட மேர்வ் 8 மேல். ஃபில்ரரிலுள்ள அம்புக்குறி ஃபேர்னஸைப் பார்க்க வேண்டும். ஆளில்லா அறைகளின் வென்ற்களை மூடிக் காசு மிச்சம் பிடிப்பதும் இதே பழுதில்தான் முடியும்.

காஸ் மணம் வந்தால் எந்தச் சுவிச்சையும் தொடாமல் வெளியேறி, வெளியே நின்று அழையுங்கள். கார்பன் மொனொக்சைட் அலாரம் அடித்தாலும் அப்படியே. காஸ் வால்வு, பேர்னர், வெப்பப் பரிமாற்றி மூன்றும் உரிமம் உள்ளவருக்கு மட்டுமே. பூட்டிக்கொண்ட ஃபேர்னஸைத் திரும்பத் திரும்ப மீளத் தொடக்குவது ஆபத்து.

ஆள் வரும் வரை காஸ் அடுப்பையோ ஓவனையோ எரித்து வீட்டைச் சூடாக்காதீர்கள். 1500 வாற் மின்ஹீற்றர் ஒன்று 12.5 அம்பியர் இழுக்கும். 15 அம்பியர் சேர்கிட்டில் ஒன்றுதான் தாங்கும், நீட்சி வயரில் போடக்கூடாது. வெளிச்சுவர்ப் பக்கச் சிங்க்கின் கீழ்க்கதவுகளைத் திறந்து, குழாய்களை நூலளவு ஓடவிடுங்கள். வீட்டைவிட்டு உறவினர் வீட்டுக்குப் போவதானால், பிரதான தண்ணீர் வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து வடியவிட்டுப் போங்கள்.