சிக்பேட் புடவைப் படங்களுக்கு எக்ஸ்என்கன்வர்ட் தாங்குமா?

பெங்களூரு சிக்பேட்டில் நடுத்தரமான ஒரு பட்டுக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். புடவையைப் படம் எடுப்பது ஐபோனில். கல்லா பக்கத்தில் இருப்பது விண்டோஸ். கேட்லாக் போடும் டிசைனர் சிவாஜிநகரில் மேக் வைத்திருக்கிறார். கடையின் இணையதளம் ஓடுவது லினக்ஸ் சர்வரில். ஒரே படம் நாலு வாசல் தாண்டித்தான் வாடிக்கையாளர் கண்ணுக்குப் போகிறது. ஒவ்வொரு வாசலிலும் ஏதோ ஒன்று காலைத் தட்டிவிடும்.

படங்களின் வடிவம், அளவு, பெயர் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றும் இந்த வேலைக்கு எக்ஸ்என்சாஃப்ட் தரும் எக்ஸ்என்கன்வர்ட் மென்பொருளைத் தயங்காமல் சிபாரிசு செய்யலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அதே திரை, அதே டேப் வரிசை. கடையில் இருப்பவர் போனில் "அவுட்புட் டேப்ல கீழ பாருங்க" என்றால், டிசைனரின் மேக்கிலும் அது அதே இடத்தில் இருக்கும். இர்ஃபான்வியூ 1996 முதல் நம்பகமாக ஓடும் கருவிதான். பி பட்டனைத் தட்டினால், பல படங்களை ஒரே ஓட்டத்தில் மாற்றும் பேட்ச் திரை வந்துவிடும். ஆனால் அது விண்டோஸுக்கு மட்டும். அதிலும் 64 பிட் இர்ஃபான்வியூவில் 32 பிட் ப்ளகின்னை, அதாவது துணை நிரலைப் போட்டால் வேலை செய்யாது. இமேஜ்மேஜிக் இதைவிடப் பலசாலி, மூன்று சிஸ்டத்திலும் ஓடும். ஆனால் கட்டளை எழுதிப் பழகிய கைக்குத்தான் அது. அதன் மோக்ரிஃபை கட்டளைக்கு வேறு ஃபோல்டரைக் காட்ட மறந்தால் ஒரிஜினல் ஜேபெக் மேலேயே புதிய ஜேபெக்கை எழுதிவிடும். கடைப் பையன் கையில் கொடுக்கிற கருவி இல்லை.

இனி எங்கே இடறும் என்று பார்ப்போம். பெரும்பாலான கோளாறு மாற்றும் மென்பொருளில் இல்லை, அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது.

முதல் இடறல் ஐபோனில். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய போன்கள் ஹெச்இஐசி வடிவத்தில்தான் படத்தைச் சேமிக்கின்றன. விண்டோஸில் அதைத் திறக்க ஹெச்இஐஎஃப் எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரல் மட்டும் போதாது, ஹெச்இவிசி எக்ஸ்டென்ஷனும் வேண்டும். இனி எடுக்கப்போகும் படங்களுக்கு, போனின் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ், மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று மாற்றினால் நேராக ஜேபெக் வரும். ஏற்கெனவே எடுத்தவற்றைக் கேபிளில் இறக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறதா? ஃபோட்டோஸ் செட்டிங்ஸின் அடியில் 'ஆட்டோமேட்டிக்' என்று இருப்பதை 'கீப் ஒரிஜினல்ஸ்' ஆக்குங்கள். போன் ஒவ்வொரு படத்தையும் இறக்கும்போதே மாற்ற முயல்வதால்தான் அந்தத் திணறல். மாற்றும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாம். பெயரில் மட்டும் ஜேபிஜி என்று திருத்தினால் உள்ளே இருப்பது மாறாது. அப்படித் திருத்திய ஃபைல்கள்தான் ஒரு பேட்ச்சில் நடுநடுவே தோற்றுப்போகும். மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினலில் 'ஃபைல்' கட்டளையைக் கொடுத்தால், பெயரை நம்பாமல் உள்ளே பார்த்து உண்மை வடிவத்தைச் சொல்லிவிடும்.

அடுத்தது பென்டிரைவ். அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் மேக் படிக்கும், தானாக எழுதாது. எக்ஸ்ஃபேட் என்று ஃபார்மட் செய்வதே மூவருக்கும் பொது. ஆனால் மேக்கிலிருந்து எக்ஸ்ஃபேட்டில் காப்பி செய்தால், 200 படத்தோடு புள்ளி, அடிக்கோடு என்று தொடங்கும் 200 குட்டி ஃபைல்களும் கூடவே வரலாம். பெயர் படத்தின் பெயர்தான், அளவு பெரும்பாலும் சில கேபிதான். மேக் தன் குறிப்புகளை எழுதிவைக்கும் இடம் அது, படமே இல்லை. எக்ஸ்என்கன்வர்ட்டில் ஃபோல்டரை அப்படியே சேர்த்தால் இவையும் வரிசையில் ஏறி, ஒவ்வொன்றும் பிழை காட்டும். படம் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். விண்டோஸில் அளவுப்படி வரிசைப்படுத்தி அவற்றை அழித்துவிட்டு மறுபடி சேர்த்தால் போதும்.

பெயர்ப் பிரச்சினை தமிழருக்கென்றே தனியாக ஒன்று இருக்கிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. 'கோபுரம்-12' என்று ஒரு ஃபைல். அந்த 'கோ'வில் இருக்கும் ஓகாரக் குறியை, கம்ப்யூட்டர் எழுத்துகளைப் பதியும் யூனிகோடு முறையில் இரண்டு விதமாக வைக்கலாம்: ஒரே குறியாக, அல்லது இரட்டைக் கொம்பும் காலும் என இரண்டு குறியாக. திரையில் ஒரு மயிரிழை வித்தியாசம் தெரியாது. லினக்ஸுக்கோ இரண்டும் வேறு வேறு பெயர். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்குகள் எப்போதும் பிரித்தே எழுதும். அதற்குப் பதிலாக 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் முறை கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்கிறது, ஆனால் பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கின்றன. விளைவு: 'மயில்', 'மாங்காய்' பார்டர் படங்கள் தளத்தில் ஒழுங்காக வரும்; 'கோபுரம்', 'கொடி' மட்டும் வராது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் உள்ள பெயர்கள்தான் மாட்டும், மற்றவை தப்பிக்கும். பாதி வந்து பாதி வராமல் போவதற்கு இதைவிடக் குழப்பமான காரணம் இருக்க முடியாது. சர்வருக்குப் போகும் படத்துக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள பெயர் கொடுங்கள். தமிழ்ப் பெயரைத் தளத்தின் தலைப்பில் எழுதுங்கள். எக்ஸ்என்கன்வர்ட்டின் அவுட்புட் டேப்பில் பெயர் அமைப்பையும் வரிசை எண்ணையும் நீங்களே வகுக்கலாம், மொத்தமும் ஒரே ஓட்டத்தில் மாறிவிடும். எல்லாம் சின்ன எழுத்தாக இருக்கட்டும். ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் இருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் 'அப்படி ஒரு படமே இல்லை' என்றுவிடும்.

நிறத்துக்கு வருவோம். புடவைக் கடைக்கு உயிரே இதில்தான். ஐபோன் 7 முதல் கேமரா டிஸ்ப்ளே பி3 என்ற விரிந்த நிறவெளியில் படம் எடுக்கிறது. எந்த எண் எந்த நிறம் என்று சொல்லும் ப்ரொஃபைல் படத்துக்குள்ளேயே இருக்கும். ஃபைல் அளவைக் குறைக்கிறோம் என்று அதை உருவிவிட்டால், எதிரே இருப்பவர் அதே எண்களை எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய, வழக்கமான நிறவெளி என்று வாசிப்பார். அரக்குப் பட்டு அப்போது துவைத்து வெளுத்த சிவப்பாகத் தெரியும், எலுமிச்சை மஞ்சள் மங்கிப்போகும். 'படத்தில் வேற கலர்' என்று புடவை திரும்பி வர இது ஒன்றே போதும். அவுட்புட் டேப்பில் ப்ரொஃபைலை வைத்திருக்கும் தேர்வைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். தளத்துக்குப் போகும் பிரதியில் ப்ரொஃபைல் வேண்டாம் என்றால், முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, அதற்குப் பிறகே உருவ வேண்டும்.

ஜேபெக் தரம் 85 வைத்தாலும் சிவப்புடல் மேல் ஜரிகைக் கோடு கசிந்ததுபோல் இருக்கிறதா? தரத்தை 95-க்கு ஏற்றும் முன் சப்சாம்ப்ளிங்கைப் பாருங்கள். வழக்கமான அமைப்பில் நிற விவரம் இரு பக்கமும் பாதியாகக் குறைக்கப்படுகிறது. வெளிச்ச விவரம் மட்டும் முழுசாக இருக்கும். சிவப்பில் அது உடனே கண்ணில் படும். எழுதும் வடிவத்தின் செட்டிங்ஸில் சப்சாம்ப்ளிங்கை 1×1 ஆக்கினால் ஃபைல் கொஞ்சம் பெருக்கும், ஜரிகை கூர்மையாக நிற்கும். அந்தப் பெருக்கம் தாராளமாகத் தகும்.

ஆக்‌ஷன்ஸ் டேப்பில் வரிசை முக்கியம். முதலில் எக்ஸிஃப் (கேமரா படத்துக்குள் எழுதிவைக்கும் குறிப்பு) படி திருப்புதல், பிறகுதான் அளவு மாற்றம். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தில் பிக்சல்கள் படுத்தேதான் இருக்கும், 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பு மட்டும் மெட்டாடேட்டாவில், அதாவது அந்த உள்குறிப்புகளில் இருக்கும். திருப்பாமல் மெட்டாடேட்டாவை நீக்கினால் புடவை படுத்துக்கொள்ளும். அளவில் நீளப் பக்கம் 2000 பிக்சல் போதும். 'சிறிதாக்க மட்டும்' என்று வையுங்கள், சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கக் கூடாது. பின்னணி வெட்டிய பிஎன்ஜியை ஜேபெக் ஆக்கும்போது வெற்றிடம் கறுத்துவிடலாம்; வெள்ளைப் பின்னணி கொடுங்கள்.

குறை என்றால், இயல்பு அமைப்புகளை அப்படியே நம்பி ஓட்டக் கூடாது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் 'ரிசல்ட்' என்று ஒட்டும். தயாரிப்புக் குறியீட்டை வைத்துப் படத்தைத் தேடும் தளத்தில் எதுவும் பொருந்தாது. ஃபோல்டர் அமைப்பைக் காப்பாற்றும் தேர்வைப் போடாவிட்டால், பத்து ஃபோல்டரிலும் இருக்கும் ஒன்றாம் நம்பர் படங்கள் ஒரே இடத்தில் வந்து முட்டும். அதே பெயர் இருந்தால் என்ன செய்வது என்ற இடத்தில் 'மாற்றி எழுது' என்று இருந்தால் ஒன்பது படம் சத்தமில்லாமல் போய்விடும். 'பெயர் மாற்று' என்று வையுங்கள். 'ஒரிஜினலை அழி' பக்கம் கையே போகக் கூடாது.

விலை: சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் இலவசம். கடைக்கோ ஸ்டுடியோவுக்கோ உரிமம் வாங்க வேண்டும், வாங்கியே பயன்படுத்துங்கள்.

ஓட்டி முடித்ததும் ஸ்டேட்டஸ் டேப்பைத் திறந்து பிழை வரிகளைப் பாருங்கள். உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒத்துப்போனால், அரக்கில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ஜரிகை நெருக்கமான முந்தானை ஒன்று என மூன்று படத்தை 100 சதவீதத்தில் திறந்து, புடவையைப் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.